மச்சினனுக்கு ஆற்றிக் கொடுத்த கஷாயம்

இன்று புதுச்சத்திரத்தில் கிடாவிருந்து. கொழுப்புத் துண்டாகப் பார்த்துப் பார்த்துத் தின்றுவிட்டு, நானும் மச்சினனும் வயிற்றைப் பிடித்தபடி மாட்டுவண்டியில் வீடு வந்து சேர்ந்தோம்.

என் வீட்டுக்காரி நிலவேம்புக் கஷாயம் வைத்தாள். தம்பிக்கு மட்டும் ஆற்றிக் கையில் கொடுத்து, "குடி சாமி, தின்ன கொழுப்பெல்லாம் செரிச்சுப் போயிரும்" என்றாள்.

என்னிடம், "ஏனுங்க, உங்களுது அடுப்போரம் இருக்குது, எடுத்துக்குங்க" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "உன்னக் கட்டுனவன் நானா, அவனா?" என்று அவன் டம்ளரைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தேன். கசப்பு உச்சந்தலைக்கு ஏறியது.

அவள் சிரித்தாள். "உங்களுக்குக் கசப்பு ஆகாதேன்னு, தண்ணி ஊத்திக் கருப்பட்டி போட்டுத் தனியா வெச்சனுங்க."

மனம் குளிர்ந்து என் பங்கை ஒரே மூச்சில் குடித்தேன். பானகம் மாதிரி இருந்தது.

இப்போது மச்சினன் நீளமாக ஏப்பம் விட்டு, விருந்து வீட்டில் கொடுத்துவிட்ட கறி தூக்குப்போசியில் மீதி இருக்கிறதா என்று கேட்கிறான். என் வயிறு இன்னும் கல்லாகக் கிடக்கிறது.

பெண்டாட்டியின் பிரியத்தைக் குடித்தால் ஏப்பம் வராது போலிருக்கிறது. அவனுடைய அந்த ஏப்பத்தின் மேல்தான் இப்போது எனக்குப் பொறாமை.

உங்கள் வீட்டில் கசப்பு யாருக்குங்க?