பூ மறுத்த மூலை

இது உண்மையில் நடந்தது. நம்பாதவர்கள் ஒருநாள் உச்சி வெயிலில் ராசிபுரத்துக்குத் தெற்கே இருக்கும் அந்தக் கோழிப்பண்ணைக்குத் தனியாகப் போய்ப் பார்க்கட்டும். வழி சொல்கிறேன். கூட வரமாட்டேன்.

பண்ணை குணசீலனுடையது. போன மே மாதம் அவனுடைய மூன்று போர்வெல்லும் வற்றிவிட்டன. எட்டாயிரம் முட்டைக் கோழிகள். தினமும் முப்பது, நாற்பது சுருண்டு விழுந்தன. ஈசானிய மூலையில் புதிய போர் போட நீரோட்டம் பார்த்து ஒரு பாயிண்ட் குறித்துவைத்து, குலதெய்வத்திடம் பூக் கேட்டார்கள். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தை அதில் ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு. அவன் மகள் கோகிலவாணி, ஆறு வயது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். சிவப்பு.

"சாமி வேண்டாம்னு சொல்லிப்போடுச்சுங்க. உடுங்க அந்த மூலைய" என்றாள் மனைவி சாரதாமணி.

மறுத்ததை மறுபடி கேட்கக் கூடாது என்பது அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். குணசீலனுக்கும் தெரியும். ஆனால் செத்த கோழிகளைக் குழியில் கொட்டிக்கொண்டிருப்பவனுக்குப் புத்தி எங்கே நிற்கும்? சாமியிடம்தானே கேட்கக் கூடாது, செல்போனிடம் கேட்டால் என்ன என்று யோசித்தான், கெட்டிக்காரன்! டாரட் கார்டு என்னும் படச் சீட்டு பார்த்துக் குறி சொல்லும் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை. பகல் 12.10. தீவன அறையில் மூட்டைமேல் உட்கார்ந்து, 'ஈசானிய மூலையில் தண்ணீர் உண்டா?' என்று தட்டினான். திரையில் மூன்று சீட்டுகள் கவிழ்ந்து கிடந்தன.

முதல் சீட்டைத் தொட்டான். கோப்பை நிறையத் தண்ணீர். 'உண்டு' என்று எழுத்து வந்தது. குணசீலனுக்குத் தலைகால் புரியவில்லை.

12.13. இரண்டாவது சீட்டு. கண்ணை மூடிய ஒரு சிறுமி. கையில் காகிதப் பொட்டலம். கீழே மெதுவாக எழுத்து வந்தது...

'பொட்டலம் எடுத்தவளை அனுப்பு.'

பூக் கேட்டதைப் பற்றி அவன் அதில் ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை.

அப்போதுதான் கவனித்தான். சத்தமே இல்லை. எட்டாயிரம் கோழிகளில் ஒன்றுகூடக் கத்தவில்லை. ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தான். எல்லாத் தலைகளும் ஈசானிய மூலைப் பக்கம் திரும்பியிருந்தன.

கிரீச்... கிரீச்...

கிணற்று ராட்டினம். பண்ணை இருக்கும் அந்தக் காட்டில் கிணறே கிடையாது.

12.17. அவன் தொடவில்லை. மூன்றாவது சீட்டு தானாகப் புரண்டது.

ரெட்டை ஜடை. நீல ரிப்பன். காலையில் அவனே கட்டிவிட்டது.

வெளியே ஓடினான்.

பண்ணை வீட்டில் தூங்கிக்கொண்டிருக்க வேண்டியவள், வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாள். பாயிண்டுக்கு இன்னும் நாலடி...

பாய்ந்து தூக்கினான். "எங்க சாமி போற?"

"அந்தப் புள்ள வரச் சொல்லுச்சுங்கப்பா. அங்க தண்ணி கெடக்குதாமா."

அங்கே யாரும் இல்லை. வெடித்த மண்தான் இருந்தது. ஆனால் குழந்தையின் பாவாடை இடுப்புவரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

அன்று மாலையே வீட்டைக் காலி செய்தார்கள். கோழிகள் வந்த விலைக்குப் போயின. காட்டை அவனுக்கு விற்ற செங்கோட்டையன் வாழப்பாடியில் மகன் வீட்டில் இருந்தார். குணசீலன் தேடிப் போய், சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டான். கிழவர் தலையை நிமிர்த்தவில்லை.

"கெணறு இருந்துச்சுங்க. நாந்தான் மூடிப்போட்டேன். சொன்னா ஆருங்க வாங்குவாங்க? எந்தங்கச்சி நல்லம்மாள்... ஆறு வயசு. கெணறு வெட்டப் பூக் கேட்டப்ப பொட்டணம் எடுத்தது அவதான். செவப்பு வந்துச்சு. எங்கய்யன் மீறி வெட்டிப்போட்டாரு. மொதத் தண்ணி மொள்ளப் போனா. பொணங்கூடக் கெடைக்கலீங்க."

திரும்பி வரும்போது, பஸ்ஸிலேயே அந்த ஆப்பை அழிக்கத் திறந்தான். பழைய கேள்விகள் என்ற இடத்தில் இரண்டு இருந்தன. ஒன்று அவனுடையது. இன்னொன்றை அவன் கேட்கவில்லை.

செவ்வாய், 12.17. கேட்டவர்: நல்லம்மாள்.

'எனக்குத் துணைக்கு ஆள் வருமா?'

பதிலும் இருந்தது.

'வெள்ளைப் பூ.'