சபையில் சொல்லாத சாட்சி

சபையில் சாட்சி சொல்லக் கூப்பிடும்போதெல்லாம் தயங்கியே சில வருடங்கள் போய்விட்டன. இதில் அற்புதம் ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் கொரோனா வார்டில் தனியாக இறந்த பிறகு, செவலைப் பசுவின் பாலில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அது கன்று ஈன முடியாமல் விழுந்தது. ஊரே அடைந்து கிடந்தும் கால்நடைக் கல்லூரியில் போனை எடுத்தார்கள். ஒரு டாக்டரம்மா வந்து, உள்ளேயே செத்திருந்த கன்றைப் போராடி எடுத்தார்.

“பசு தேறிருமாம்மா?”

“தேறாதுக்கா. பொய் சொல்ல மாட்டேன்.”

“அப்போ கிளம்புங்கம்மா. வீட்ல தேடுவாங்கல்லா.”

“எங்கம்மாவும் கொரோனா வார்டுலதான் கெடக்காங்க. உள்ள விட மாட்டுக்காங்க. இங்கனயாவது கூட இருக்கேன்க்கா.”

செவலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் ஜெபித்தேன். பொழுது சாயும்போது அதன் மூச்சு நின்றது.

என் வீட்டுக்காரர் தலையை யாராவது இப்படிப் பிடித்திருப்பார்களா என்று அப்போதுதான் அழுதேன்.

இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள், ஜெபத்தால் பசு பிழைத்தது என்று மாத்திரம் மாற்றிவிடாதீர்கள்.