வேன் ஃப்ரிஜ்ஜில் ஐந்து இன்சுலின் பாட்டில்கள்

"வீட்டுக் கரண்டில் முந்தின நாளே போட்டுக் குளிர வைக்கவும். சூடான சாமான் உள்ளே வேண்டாம். வண்டி ஓடும்போது மட்டும் பேட்டரியில் போடவும். வண்டி நின்றால் பிடுங்கிவிடவும்."

பக்கத்து வீட்டு பாய் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்த நான்கு வரிகள் இவை. மேல் மூலையில் 11-5-2006, வியாழன் என்று நான் குறித்திருக்கிறேன். அந்தத் தாள் என் நாட்குறிப்பில் ஒட்டியிருக்கிறது. குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகை எந்த எண்ணில் வைக்க வேண்டும் என்று அதில் ஒரு சொல் கிடையாது. நாங்களும் கேட்கவில்லை.

பாய் வளைகுடாவில் ஓட்டுநராக இருந்தவர். பாலைவனத்துக்குப் போகும் கேரவன் வண்டிகளில் இறைச்சி வைக்கிற சின்ன ஃப்ரிஜ் ஒன்றை ஊருக்குக் கொண்டுவந்திருந்தார். மேலே மூடி போட்ட பெட்டி. வீட்டு ப்ளக்கிலும் ஓடும், வண்டியில் சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகினாலும் ஓடும். என் மனைவி பன்னிரண்டு வயதிலிருந்து இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவள். காலை, மாலை இரண்டு வேளையும் தவறக்கூடாது. வெயிலில் மருந்து கெட்டுவிடும் என்ற பயத்தால், திருமணமான பத்து வருடத்தில் நாங்கள் ஓர் இரவுக்கு மேல் வெளியூரில் தங்கியதில்லை. அவர் இரவல் தந்த இந்தப் பெட்டியை நம்பித்தான் நான்கு நாள் ராமேஸ்வரம் போக வேன் பேசினோம்.

"சினிமாக்காரங்களுக்குத்தான் கேரவன்னு நெனச்சேன். நம்ம வூட்டுக்கும் வந்துடுச்சு" என்று அவள் சிரித்தாள்.

எங்களோடு பயணம் வர மனைவியுடன் வந்து தங்கியிருந்த அவளுடைய அண்ணன் பெட்டியின் பொறுப்பை எடுத்துக்கொண்டார். செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சூளைக்கு மேற்பார்வையாளர் அவர். இருபது வருடமாக ஃபியூஸ் கட்டையும் சாமி பொம்மையும் வேகவைத்துப் பழகியவர். வியாழன் மதியம் ப்ளக்கைச் செருகி, திருகைக் கடைசி எண்ணான ஐந்தில் வைத்தார்.

"காலி சூளைய மொதல்ல முழுசா சூடேத்தி நிக்கவெக்கணும் மாப்ள. செவுத்துக்குள்ள ஏறுனாத்தான் சரக்கு ஒரே சீரா வேவும். இதுக்கும் அதே கணக்குதான். அங்க சூடு, இங்க குளுரு."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மருந்தை அதில் வைத்தோம். பிரிக்காத நான்கு பாட்டில்கள் ஒரு எவர்சில்வர் டப்பாவில் அடியில். போட்டுக்கொண்டிருந்த ஐந்தாவது பாட்டில் மேலே கம்பிக் கூடையில். கூடவே மோர். திருகை யாரும் தொடவில்லை, ஐந்திலேயே இருந்தது. கடைசியில் மச்சான் மூடியைச் சுற்றி நைலான் கயிற்றைக் கட்டினார். சூளை நடக்கும்போது கதவைத் திறந்தால் காற்றடித்துச் சரக்கு விரிசல் விடும். அவருடைய ஆட்கள் யாரும் அவரைக் கேட்காமல் கதவில் கைவைக்க மாட்டார்கள். அதே சட்டம் எங்கள் கூடத்துக்கும் வந்தது.

"என் மருந்துக்கு நான் ஒங்கிட்ட சீட்டு வாங்கணுமாண்ணே?"

"வாங்கணும். ஒனக்காகத்தானே கட்டுறேன்."

"கட்டுன பொண்டாட்டிக்குக் கூட நீ இவ்ளோ காவல் இருந்ததில்ல" என்றாள். அவருடைய மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வெள்ளி மாலை ஆறு மணிக்கும் சனி காலை ஆறரைக்கும் அவரே கயிற்றை அவிழ்த்து, பாட்டிலை எடுத்து, உள்ளங்கையில் உருட்டிக் கொடுத்தார். அந்த மருந்து பால் நிறத்தில் இருக்கும். அடியில் படிந்தது கலக்க, உருட்டித்தான் ஊசியில் ஏற்ற வேண்டும். சனிக்கிழமை ஓட்டுநர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அவள் அவசரமாகப் போட்டுக்கொண்டு, நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினாள். மச்சான் பெட்டியின் வயரை வண்டியின் துளையில் செருகினார்.

அரை மணி ஓட்டத்தில் இருக்கும் பெண்ணாடம் தாண்டுவதற்குள் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்தாள். கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் வேன் ஊர்ந்துகொண்டிருந்தது. நெடுஞ்சாலைக்கு வந்தபோது இரண்டாவது பாட்டிலும் காலி. வெயில் என்று நினைத்தோம். வழியில் இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். "இந்தக்கா காவேரியையே குடிச்சுடும் போல" என்று ஓட்டுநர் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதை இன்று எழுதும்போது கை கூசுகிறது.

திருச்சியைத் தாண்டிச் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். சாப்பாடு வேண்டாம், மோர் மட்டும் போதும் என்றாள். மச்சான் கயிற்றை அவிழ்த்தார். மோர் பாட்டிலைச் சாய்த்தார், எதுவும் வரவில்லை. கல்லாக இருந்தது. கம்பிக் கூடையிலிருந்த மருந்துப் பாட்டிலுக்குள் வெள்ளைக் கட்டி. டப்பா அடியோடு பனியில் ஒட்டியிருந்தது. வேன் சாவியால் நெம்பி எடுத்துத் திறந்தால், நான்கில் ஒன்றின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

மச்சான் ஒரு பாட்டிலை இரண்டு கைக்குள்ளும் வைத்து மூச்சால் ஊதினார். சிறிது நேரத்தில் உருகியது. "பாரும்மா, பழையபடி ஆயிடுச்சு." அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே திரிந்த பால் போலத் திப்பிதிப்பியாக மிதந்தது.

"இது செத்துப்போச்சுண்ணே. ஒறஞ்சா தூக்கிப் போட்டுடணும்" என்றாள்.

எனக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மருந்தின் அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளை வருடங்களுக்கு முன்பே வாசித்தவன் நான். 'உறைய விடக்கூடாது' என்று அதில் இருக்கிறது. வெயிலுக்குப் பயந்து பயந்து, குளிர் என்றாலே நல்லது என்று எங்கள் எல்லோருக்கும் ஆகிவிட்டிருந்தது.

அவள் கைப்பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் மீட்டரை எடுத்தாள். விரலைக் குத்தி ஒரு சொட்டு வைத்தாள். எண் வரவில்லை. ஆங்கிலத்தில் 'ஹை' என்று இரண்டே எழுத்து வந்தது. மீட்டரால் சொல்ல முடிகிற அளவைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். "என்னாங்க, கொஞ்சம் மயக்கமா இருக்குது" என்று என் தோளில் சாய்ந்தாள். அவள் மூச்சில் அழுகிய பழத்தின் வாடை அடித்தது.

திருச்சிக்குத் திரும்பி, கண்ணில் பட்ட முதல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிற்பகல் 1.50. ட்ரிப் ஏற்றிக்கொண்டே டாக்டர் கேட்டார். "கடைசியா எப்ப மருந்து போட்டாங்க?"

நான் நாட்குறிப்பைப் பிரித்து வெள்ளி ஆறு மணி, சனி ஆறரை என்று வாசித்தேன்.

"நேரம் இருக்கட்டும் சார். போட்டது நல்ல மருந்துதானா? அதச் சொல்லுங்க. எத்தன வேள இவங்க மருந்தில்லாம இருந்தாங்கன்னு எனக்குத் தெரியணும்."

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சில்லுனு இருந்துச்சு மாப்ள. கொஞ்சம் கூடவே உருட்டுனேன். கட்டி இருந்துச்சான்னு பாக்கல."

"பாக்கலயா, பாத்தும் சொல்லலயா?" நான் அவரிடம் குரல் உயர்த்திய ஒரே நாள் அது. டாக்டர் எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னார்.

மூன்றாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்தாள். முதலில் அண்ணனைத்தான் கூப்பிடச் சொன்னாள். அவர் உள்ளே போய்ப் பத்து நிமிடம் இருந்தார். என்ன பேசினார்கள் என்று இருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ராமேஸ்வரம் போகாமல் ஊர் திரும்பினோம்.

பாட்டில்கள் ஆஸ்பத்திரிக் குப்பைக்குப் போய்விட்டன. வெள்ளி மாலையும் சனி காலையும் அவள் போட்டுக்கொண்ட மருந்து உறைந்து உருகியதா, இல்லையா, அல்லது இரண்டில் ஒன்று மட்டுமா என்பதை என்னால் சரிபார்க்க முடியவில்லை. நாட்குறிப்பில் அந்த இரண்டு நேரங்களுக்கும் எதிரே கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.