பங்குக் கிணற்று அறிக்கை

"ஒளிக்கிறவன் என்ரை அப்புவெண்டாலும் எழுதிப்போடுவன்!"

1936ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு பின்னேரம், சுன்னாகம் புகையிரத நிலையத்தில் நின்று புத்தூர் இராசநாயகம் இப்படி முழங்கினான். கொழும்பு போகும் கோச்சி வர இன்னும் கால் மணி இருந்தது. வழியனுப்ப வந்த பதினொரு பேரும் அந்தக் கால் மணியை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் நின்றதால், முழக்கத்தை நன்றாகவே கேட்டார்கள். மேற்படி அப்பு, அதாவது தகப்பன் ஏரம்பு, மகனுடைய படுக்கையைக் கட்டிய பாயைத் தோளில் வைத்தபடி, தன்னை எழுதப்போகும் மகனைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

எதை எழுதுவது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இராசநாயகம் சுகாதார இன்ஸ்பெக்டர் பயிற்சிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். தொற்றும் காய்ச்சல் உள்ள வீட்டைக் கண்டுபிடித்து அரசாங்கத்துக்கு எழுதி அறிவிப்பது அந்த உத்தியோகத்தின் தலையாய தருமம். அந்தத் தருமத்தில் தாய், தகப்பன், கொண்டான், கொடுத்தான் என்று பேதம் பார்க்கப்போவதில்லை என்பதே முழக்கத்தின் பொருள்.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில், அதாவது அரசாங்கத்தில், மேய்க்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்தார் கண்ட வேதாந்தம். கிளாக்கர் பரீட்சையில் இரண்டு தரம் தவறிய இராசநாயகத்துக்குக் கோறணமேந்து வைத்திருந்த கோழி இதுதான். ஊரில் அந்த உத்தியோகத்துக்குக் "கக்கூசு இன்ஸ்பெக்டர்" என்று பெயர். ஊரில் கக்கூசு மொத்தம் மூன்றுதான் இருந்தது என்பதும், மற்றவர்கள் பனை வடலிக் காணியை நம்பி வாழ்ந்தார்கள் என்பதும் அந்தப் பெயரை வைக்கத் தடையாக இருக்கவில்லை. ஆகவே தாய் சின்னாச்சி எல்லாரிடமும், "உவன் படிக்கிறது டாக்குத்தர் படிப்பிலை பாதி" என்று சொல்லி வைத்தாள். எந்தப் பாதி என்று கேட்கிற துணிச்சல் ஒருவருக்கும் வரவில்லை.

தெற்கே களுத்துறைப் பக்கத்தில் அந்தப் பாதிப் படிப்பு நடந்தது. காலையில் ஈயின் காலைப் படமாக வரைந்தார்கள். மத்தியானம் கொசுப் புழுவைப் பீங்கானில் விட்டு எண்ணினார்கள். பின்னேரம் மண்வெட்டி எடுத்து, தாங்களே குழிக் கக்கூசு வெட்டினார்கள். சீனியர் கேம்பிரிட்ஜ் சித்தியடைந்த கை மண்வெட்டி பிடித்துக் கொப்புளம் போட்ட செய்தியை இராசநாயகம் வீட்டுக்கு எழுதவில்லை. பத்துத் தலைமுறை மண்வெட்டி பிடித்த குடும்பம், அதை விடுவிக்கத்தானே அவனைப் படிப்பித்தது. அவன் எழுதிய கடிதங்களில் "இன்று குழி அமைப்பு பற்றி ஆராய்ந்தோம்" என்று இருந்தது. சின்னாச்சி ஆள் வைத்து எழுதுவித்த கடிதங்களில் "இங்கு யாவரும் நலம்" என்று இருந்தது. இரு பக்கமும் உண்மை அளவோடு பரிமாறப்பட்டது.

விடுதியில் அவனோடு ஒரே அறையில் இருந்தவன் பாசையூர்ச் சிமியோன். படிப்பு முடிந்தால் என்னென்ன உத்தியோகம் கிடைக்கும் என்று அவனிடம் ஒரு திட்டமான கணக்கு இருந்தது.

"துறைமுகத்திலை போட்டால் எலி எண்ணலாம் மச்சான். தேயிலைத் தோட்டத்திலை போட்டால் கொக்கிப்புழு எண்ணலாம். காட்டுப் பக்கம் போட்டால் மலேரியா வந்து எங்களை எண்ணும்."

"நான் யாழ்ப்பாணத்துக்குத்தான் போவன்," என்றான் இராசநாயகம்.

"அது முதலாவதாய் வாறவனுக்கு மட்டும். கடைசியிலை எழுதிற ஊர் அறிக்கையைப் பார்த்துத்தானாம் ஆளைத் தெரியிறது."

"அப்ப எனக்குத்தான். நான் ஒரு சொல்லும் ஒளியாமல் எழுதுவன்."

"அதுக்கு முதல் உன்ரை கொப்புளத்தை வீட்டுக்கு எழுதுடா," என்று சிமியோன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

ஆனி மாதம் பிறந்தது. மாணவர்கள் தத்தம் ஊருக்குப் போய் இருபத்தைந்து வீடுகளை ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும் என்று கட்டளை வந்தது. இராசநாயகம் காக்கிக் காற்சட்டையும் வெயில் தொப்பியுமாகப் புத்தூரில் வந்து இறங்கினான். நேர்மைக்கு அடையாளமாகத் தன் வீட்டையே முதலாம் வீடாகப் பதிந்தான். கிணறு: பங்குக் கிணறு, ஐந்து வீட்டுக்கு உரியது. கக்கூசு: இல்லை. காய்ச்சல்: இல்லை. குடும்பத்தில் ஒரு தலை குறைகிறதே என்று பார்த்து, "பூரணம் எங்கை?" என்று கேட்டான். பூரணம் அவனுடைய தங்கை. ஆவணியில் கோப்பாய்ப் பள்ளிக்கூடச் சட்டம்பியார் ஒருவருக்கு அவளைக் கொடுப்பதாக எல்லாம் பேசி முடிந்திருந்தது.

"நேர்த்தியெண்டு சந்நிதி முருகனிட்டைப் போனவள், மோனை. தொண்டைமானாத்து மாமி வீட்டிலை நிக்கிறாள்," என்றாள் சின்னாச்சி. சொல்லிவிட்டு அடுப்பில் இல்லாத புகையை ஊதினாள்.

இரண்டாம் வீடு சிவக்கொழுந்துவினுடையது. புருஷன் மலாயாவில். அவளும் ஏழு வயது மகள் நாகேஸ்வரியும், நூறு மிளகாய்க் கன்றும்தான் அங்கே குடியிருப்பு. நாகேஸ்வரி பத்து நாளாகப் பாயில் கிடந்தாள். தாய் மல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இராசநாயகம் சூடு பார்த்தான். நாக்கைப் பார்த்தான். படித்தது அத்தனையும் பாடப்புத்தகத்தில் இருந்தபடியே பாயில் கிடந்தது. நெருப்புக் காய்ச்சல், தண்ணீரால் பரவுகிற டைபாய்டு.

"எழுதாதையும் தம்பி," என்றாள் சிவக்கொழுந்து. "ஆசுப்பத்திரி வண்டில் வாசலிலை வந்து நிண்டால் ஊர் என்ன கதைக்கும்?"

"சட்டம் அக்கா," என்றான் இராசநாயகம். அவன் குரல் கொஞ்சம் இனிமையாகவே இருந்தது. முதலாவது இரை அல்லவா.

மறுநாள் வண்டில் வந்தது. வேலிக்கு மேலே ஊர்த் தலைகள் வரிசையாக முளைத்தன. நாகேஸ்வரியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். "குணப்படும் மட்டும் அந்த வீட்டு வாளியைக் கிணற்றில் விடக்கூடாது, வேறொருவர் அள்ளி ஊற்ற வேண்டும்" என்று இராசநாயகம் பங்குகாரருக்கு எழுத்தில் அறிவித்தான். பங்குகாரர் படித்தவன் சொல்லை மதிக்கிறவர்கள். ஆகையால் அதை இன்னும் கொஞ்சம் நீட்டி, அந்த வீட்டுக்குத் தண்ணீர் முறையே இல்லை என்று தீர்த்துவிட்டார்கள். சிவக்கொழுந்துவின் துலா இறைப்பு முறை செவ்வாயும் வெள்ளியும். அந்தச் செவ்வாய் மிளகாய்க் கன்றுகள் தலை தொங்கின. வெள்ளியன்று படுத்துவிட்டன. குடிக்கிற தண்ணீருக்கு அவள் குடத்தோடு வயல் தாண்டிக் கோயில் கிணற்றடிக்கு நடந்தாள். "வருத்தக்கார வீடு" என்று ஊர் வாய் கூசாமல் சொன்னது. ஏரம்புவின் மகன் சொன்னபடி செய்து காட்டிவிட்டான் என்றும் சொன்னது.

ஒன்பதாம் நாள் மேற்பார்வைக்குப் பெரிய இன்ஸ்பெக்டர் செபநாயகம் வந்தார். முப்பது வருஷம் கோறணமேந்துக் கோழி மேய்த்துக் களைத்த மனிதர். குடையை மடிக்காமலே அறிக்கையைப் புரட்டினார்.

"நல்ல எழுத்து. ஆனால் காணும், உந்தப் பிள்ளைக்கு வருத்தம் எங்காலை வந்தது? வானத்தாலை விழுந்ததோ?"

"அது இன்னும்..."

"முதல் காய்ச்சல் எந்த வீட்டிலை எண்டு எழுதும். அது இல்லாட்டி உது அறிக்கையில்லை, பஞ்சாங்கம். எழுதினீரெண்டால் யாழ்ப்பாணம் உமக்குத்தான்." குடை போய்விட்டது.

இராசநாயகம் மறுபடியும் வீடு வீடாகப் போனான். கடந்த இரண்டு மாதத்தில் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டான். அவன் திரட்டிய விவரத்தின்படி, உலகத்திலேயே சுகதேகிகள் வாழும் ஊர் புத்தூர். ஒருவர் தும்மியதாகவும் தகவல் இல்லை. மூன்றாம் வீட்டுக் கமலாவதி மட்டும் வெங்காயம் பின்னுகிற கையை நிறுத்தினாள்.

"எல்லாரையும் கேக்கிறீர். கொம்மாவைக் கேட்டனீரோ?"

"எங்கடை வீட்டிலை ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை, மச்சாள்."

"சித்திரையிலை சந்நிதிக்குப் போன பெட்டை, ஆனி பிறந்தும் வரேல்லை. முருகன் அவளைப் பூசைக்கு வைச்சிருக்கிறாரோ? போன பிறகும் மூண்டு கிழமை கொம்மா விடியமுன்னம் கிணத்தடியிலை சீலை தோய்ச்ச சத்தம் மட்டும் நிக்கேல்லை."

பிறகு அவள் வெங்காயத்தைப் பின்னத் தொடங்கினாள். இராசநாயகம் சைக்கிளில் ஏறினான்.

தொண்டைமானாற்றில் மாமி வீட்டுக் கோடிப்புறத்தில் பூரணம் இருந்தாள். அவள் தலையைச் சுற்றி ஒரு துண்டு. மடியில் சீப்பு. சீப்பில் சிக்கியிருந்த மயிர், ஒரு பெண்ணின் தலையில் இருக்க வேண்டிய அளவுக்கு இருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. நெருப்புக் காய்ச்சல் விட்ட பின் மயிர் கொட்டும் என்பதை இராசநாயகம் பரீட்சைத்தாளில் எழுதிப் பத்துக்கு ஒன்பது வாங்கியவன். பத்தாவது புள்ளி இப்போதுதான் கிடைத்தது.

"எத்தினை நாள்?" என்று கேட்டான்.

"இருபத்தொண்டு. வீட்டிலை உள்ளறைக்குள்ளை கிடந்தனான், அண்ணை. காய்ச்சல் விட்டாப்பிறகுதான் மூடு வண்டிலிலை இஞ்சை கொண்டந்தவை." பிறகு அவள் கேட்டாள்: "நாகேஸ்வரிக்கு எப்பிடி?"

"இருக்கிறாள்."

"என்னாலையோ?"

அவன் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தான். பிறகு திரும்பவும் போட்டுக்கொண்டான்.

"மாப்பிள்ளை பகுதி வேறை ஒண்டும் கேக்கேல்லை, அண்ணை. குடும்பத்திலை கெட்ட வருத்தம் உண்டோ எண்டு மட்டும்தான் கேட்டவை. அப்பு தேங்காய்க்கு மேலை கை வைச்சுச் சத்தியமாய் இல்லையெண்டவர்." பூரணம் துண்டை இழுத்து நெற்றியை மூடினாள். "ஆவணிக்குள்ளை மயிர் கொஞ்சம் வந்திடுமாம். மாமி சொல்லுறா. நீ எழுதிப்போடுவியோ?"

வீட்டுக்கு வந்தபோது சின்னாச்சிக்கு விஷயம் முகத்திலேயே விளங்கிவிட்டது. அவள் அழவில்லை. மகனுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே குந்தினாள்.

"காய்ச்சல் இருபத்தொரு நாளிலை போயிட்டுது, மோனை. எழுத்துப் போகுமோ?"

"சிவக்கொழுந்தக்காவின்ரை தண்ணியை மறிச்சுப்போட்டு நிக்கிறாங்கள், அம்மா. வருத்தம் எங்கடை வீட்டாலை வந்ததெண்டால் மறிக்கிறதுக்கு ஒரு நியாயமுமில்லை."

"பிறகு எங்கடை தண்ணியை மறிப்பாங்கள். கலியாணத்தையும் மறிப்பாங்கள்."

ஏரம்பு திண்ணையில் குந்தியிருந்தார். "எழுதினால் அந்தப் பிள்ளைக்குச் சுகம் வருமோ?" என்று மட்டும் கேட்டார்.

"வராது. தாய்க்குத் தண்ணி வரும்."

"தண்ணி கோயில் கிணத்திலையும் இருக்குதுதானே," என்றார் ஏரம்பு. சொல்லிவிட்டு, தன் வாய் சொன்னதைத் தானே கேட்டவர் போல எழுந்து மாட்டடிக்குப் போனார். சுன்னாகத்தில் பாயைச் சுமந்து நின்ற அதே தோள்தான். இன்றைக்குச் சுமை இல்லாமலே கூனியிருந்தது.

அடுத்த நாள் காலை இராசநாயகம் முற்றத்து மாமர நிழலில் வாங்குப் பலகையைப் போட்டு அறிக்கையை விரித்தான். விதி அவனுக்கு ஒரு பெரிய சலுகை செய்திருந்தது. முதலாம் வீட்டுக்கு நேரே "காய்ச்சல்: இல்லை" என்று அவன் மனமறிய உண்மையாகவே எழுதியிருந்தான். பொய் சொல்ல வேண்டிய சிரமமே இல்லை. எழுதியதை வெட்டாமல் விட்டால் போதும். வெட்டுவதற்கு இரண்டு தரம் பேனையை வைத்தான். இரண்டு தரமும் மை காய்ந்தது. மிச்சம் இருந்தது ஒரேயொரு கேள்வி, முதல் காய்ச்சல் எந்த வீட்டில். அதற்கு நேரே, ஈயின் காலை வரைந்த அதே சுத்தமான கையெழுத்தில், "இரண்டாம் வீடு" என்று எழுதினான்.

வேலிப் படலையடியில் சத்தம் கேட்டது. சிவக்கொழுந்து இடுப்பில் வெறுங்குடத்தோடு நின்றாள். உள்ளே வரவில்லை. வரக்கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"தம்பி, குடைக்காரப் பெரியவர் எங்கை துடங்கினதெண்டு எழுதச் சொன்னவராம். கண்டுபிடிச்சிட்டீரோ?"

அவன் தலையை ஆட்டினான்.

"இரவிரவாய் யோசிக்கிறன். நான்தான் ஏதும் பிழை விட்டனோ? சுட்டாறின தண்ணிதானே குடுத்தனான். பிள்ளை எங்கேயும் போகவுமில்லை. ஊர் ஆயிரம் கதைக்கும், அது போகட்டும். நீர் படிச்ச ஆள். ஒளியாமல் சொல்லும், கேட்டுக்கொண்டு போறன். எங்கடை வீட்டிலைதானோ துடங்கினது?"

வீட்டுக்குள்ளே சின்னாச்சி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது.

இராசநாயகம் பேனையின் மூடியைத் திருகி மூடினான்.

"ஓம், அக்கா," என்றான்.

"அப்ப சரி," என்றாள் சிவக்கொழுந்து. குடத்தை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வயல் வரம்பில் இறங்கி, கோயில் கிணற்றடிக்கு நடந்தாள்.