வெள்ளைத் தேயிலையும் வெறும் சுடுதண்ணியும்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அப்படித்தான் எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, என் மூத்தவள் ராத்தாவைக் கட்டிய மச்சான் மலைநாட்டுப் பண்டாரவளைப் பக்கமிருந்து கல்முனைக்கு வந்து சேர்ந்தார். கொண்டு வந்தது இரண்டு உடுப்புப் பெட்டி, ஒரு தொழுகைப் பாய், இறுக்கி மூடிய ஒரு தகரப் பேணி. பெட்டிகளை யார் தூக்கினாலும் பேசாமல் விட்டவர், பேணியை மட்டும் ஒருவர் கையிலும் கொடுக்கவில்லை. உள்ளே நகை இருக்கும் என்று நான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் திறந்து காட்டினார். தேயிலை. ஆனால் எங்கள் வீட்டில் பாவிக்கும் கறுப்புத் தூளுக்கும் அதற்கும் ஒரு சொந்தமும் இருப்பதாகத் தெரியவில்லை. சாம்பல் வெள்ளை நிறத்தில், பூனைக்குட்டியின் காது மயிர் மாதிரி மெல்லிய ரோமம் மூடிய சின்னச் சின்ன மொட்டுகள். இலை விரியுமுன் கிள்ளி, உருட்டாமல், அரைக்காமல், அப்படியே காய வைப்பார்களாம். வெள்ளைத் தேயிலை என்றார். அவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபோது, சம்பளத்தோடு ஒரு பேணியும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அங்கே அவருக்கு ருசி பார்க்கும் அறையில் வேலை. வரிசையாக வைத்த கோப்பைகளில் தேத்தண்ணியை உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்ப வேண்டும். 

"விழுங்கிறல்லயா?" என்று கேட்டேன்.

"விழுங்கினா மத்தியானத்துக்குள்ள நாக்குச் செத்துப் போயிடும் தங்கச்சி" என்றார்.

தேத்தண்ணி துப்புவதற்குச் சம்பளம் வாங்கிய ஒருவர் எங்கள் வீட்டில் இருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். பெருமையாகச் சொல்லவில்லை. ராத்தாவுக்கும் எனக்கும் பொதுவாக இருந்த அறை இப்போது அவருடையதாகிவிட்டது. நான் உம்மாவின் பாயில் ஒரு ஓரத்தில் படுத்தேன். அந்தக் கோபம் எனக்குள் கிடந்தது.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து மச்சான் அந்தத் தேத்தண்ணியை ஊற்றுவார். எங்கள் கிணற்றில் லேசாக உப்புக் கரிக்கும் என்பதால் குழாய்த் தண்ணிதான். கேத்தலில் கொதித்ததும் இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பார். "கொதி அடங்கோணும்" என்பார். அடங்கிய பிறகு, மொட்டுகள் போட்ட கண்ணாடிக் கூசாவுக்குள் மெதுவாக ஊற்றி, பீரிசுத் தட்டால் மூடி, சுவர் மணிக்கூட்டில் ஏழு நிமிடம் பார்ப்பார். மொட்டுகள் தண்ணிக்குள் நேராக எழும்பி நின்று பிறகு ஒவ்வொன்றாக அடிக்கு இறங்கும். அதைப் பார்க்க மட்டும் எனக்குப் பிடிக்கும். ஏழு நிமிடத்துக்குப் பிறகு வரும் நிறம், வைக்கோல் ஊறிய தண்ணியின் நிறம். சீனியும் இல்லை, பாலும் இல்லை.

வாப்பாவுக்கு மாவடிப்பள்ளியில் வயல். காலையில் போனால் மத்தியானம் திரும்பும் மனிதருக்குத் தேயிலைச் சாயம் நாக்கில் ஒட்ட வேண்டும், சீனி மூன்று கரண்டி வேண்டும். ஆனாலும் புது மருமகன் நீட்டும் கோப்பையை மறுக்க முடியுமா? ஒரே மிடறில் குடித்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி, நல்ல பிள்ளையாக எழுந்து குசினிப் பக்கம் போய், "இனி எனக்கொரு தேத்தண்ணி தா" என்று உம்மாவிடம் ரகசியமாகக் கேட்பார். ராத்தா புருசனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடிப்பாள். உம்மா மட்டும் கோப்பையை மூக்கருகே பிடித்து, கண்ணை மூடி, "நல்ல மணம் மகன்" என்பா.

"கடைசில தேன் மாதிரி ஒரு மணம் வரும், பொறுத்துப் பாருங்க" என்று மச்சான் என்னிடம் சொன்னார். நான் பொறுத்துத்தான் பார்த்தேன். பொழுதுபட்டு மஃரிப் வரைக்கும் பொறுத்தேன். ஒன்றும் வரவில்லை. இவர்கள் எல்லோரும் மாப்பிள்ளைக்காகப் பொய் சொல்கிறார்கள் என்று முடிவு செய்தேன்.

உம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் எந்தக் கல்யாணத்துக்கும் எந்தக் கந்தூரிக்கும் பெரிய சட்டி இறக்குமுன் உம்மா வந்து உப்புப் பார்க்க வேண்டும். உள்ளங்கையில் ஒரு சொட்டு கறி ஆணத்தை விட்டு நக்கிப் பார்த்து உம்மா தலையாட்டினால்தான் சோறு பந்திக்குப் போகும். அந்த வருடம் மாரி மழைக் காலத்தில் உம்மா இரண்டு கிழமை காய்ச்சலும் மூக்கடைத்த தடிமனுமாகக் கிடந்தா. எழும்பிய பிறகு ஆள் பழையபடிதான் இருந்தா, சமையல்தான் பழையபடி இல்லை. ஒரு நாள் ஆணத்தில் உப்பே இருக்காது, அடுத்த நாள் வாயில் வைக்க முடியாது. அடுப்பருகே நின்றுகொண்டே சோற்றை அடிப்பிடிக்க விட்டா. "கல்யாண வேலையில களைச்சுப் போனாய்" என்று வாப்பா முதலில் சொன்னார். பிறகு, "உன்ட கைக்கு என்ன வந்த?" என்று கேட்டார். உம்மா சட்டியைக் கழுவினா.

இதெல்லாம் என் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது. ஆனால் என் கவனம் முழுவதும் மச்சானின் பொய்த் தேத்தண்ணியைப் பிடித்துக் கொடுப்பதில் இருந்தது.

அதற்கு ஒரு நாள் வாய்த்தது. மச்சான் மொட்டுகளைக் கூசாவில் போட்டு, கேத்தலை அடுப்பில் வைத்த நேரம், மலையிலிருந்து அவருடைய உம்மா போன் எடுத்தார். எங்கள் வீட்டுக்குள் போன் சரியாகக் கேட்காது. "தண்ணி கொதிச்சா இறக்கி வைங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வாசல் கேற்றடிக்குப் போனார். நான் மொட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பேணிக்குள் திரும்பப் போட்டேன். எறியப் பயமாக இருந்தது. பிறகு வெறும் சுடுதண்ணியில், வாப்பாவின் கோப்பையடியில் கிடந்த சாயத்தை ஒரு கரண்டி கலந்து, நிறம் சரியாக வந்ததும் ஐந்து கோப்பையிலும் ஊற்றித் தட்டத்தில் வைத்துக்கொண்டு போனேன்.

"ஏழு நிமிஷம் பாத்துத்தான் ஊத்தினன் மச்சான்" என்றேன்.

வாப்பா ஒரே மிடறில் குடித்து, "இண்டைக்கு மற்ற நாளையவிட நல்லம்" என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அதுதான். ராத்தா ஒரு வாய் குடித்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள். உம்மா வழக்கம்போல மூக்கருகே பிடித்து, கண்ணை மூடி, "இண்டைக்கு மணம் கூட மகன். அந்தத் தேன் மணம் நல்லா வருது" என்றா.

மச்சான் அப்போதுதான் தன்னுடைய கோப்பையை வாயில் வைத்தார். வைத்தவர் அப்படியே இருந்தார். முதலில் என்னைப் பார்த்தார். பிறகு உம்மாவைப் பார்த்தார். உம்மா அந்தச் சுடுதண்ணியை ஆறுதலாகக் குடித்துக்கொண்டிருந்தா. உம்மாவின் மேல் வைத்த பார்வையை மச்சான் வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு தன்னுடையதையும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

"ஓம் மாமி, இண்டைக்கு நல்லாத்தான் வந்திருக்கு" என்றார்.

எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அன்று மஃரிப் தொழுத பிறகு மச்சான் குசினிக்குள் போனார். புது மாப்பிள்ளை குசினிக்குள் போகும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று காது கொடுத்தேன்.

"மாமி, பின்னேரம் நாம குடிச்சது வெறும் சுடுதண்ணி."

உம்மாவின் அகப்பைச் சத்தம் நின்றது. காட்டிக்கொடுத்துவிட்டார் என்று எனக்கு விளங்கியது. அதற்கு மேல் ஒரு சொல்லும் கேட்காமல் ஓடிப் போய்ப் பாயில் படுத்து, தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டேன். உம்மா வந்து பக்கத்தில் படுத்தா. என்னை எழுப்பவில்லை. என் தலையில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தா. அந்தக் கை அடிக்குமா இல்லையா என்பது மட்டுமே எனக்கிருந்த கவலை.

அடுத்த நாளிலிருந்து மச்சானுக்குப் பெரும்பசி பிடித்தது. சமையல் நேரம் என்றால் குசினியில்தான் நிற்பார். "பசிக்குது மாமி" என்று கையை நீட்டுவார். உம்மா உள்ளங்கையில் கொஞ்சம் ஆணத்தை விடுவா. நக்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடுங்க மாமி" என்பார், அல்லது போதும் என்றால் "காணும் மாமி" என்பார். வேலையில்லாத மாப்பிள்ளை, அதுவும் சட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கும் மாப்பிள்ளை என்று பக்கத்து வளவுப் பெண்கள் சிரித்தார்கள். கதை ராத்தாவின் காதுக்கும் வந்தது. "பொறுத்திருந்து எல்லாரோடயும் திண்டா என்ன?" என்று ராத்தா அறைக்குள் கேட்பது எனக்குக் கேட்டது. "பசிச்சா என்ன செய்யிற" என்று மச்சான் சொன்னார்.

பிறகு தெருக்கோடி வீட்டுக் கல்யாணம் வந்தது. உப்புப் பார்க்க உம்மாவைக் கூப்பிட வந்தார்கள். உம்மா தலையிடி என்றா. விடவில்லை. "நீங்க வராம சட்டி இறக்கேலா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். நானும் பின்னால் போனேன். கொஞ்ச நேரத்தில் மச்சானும் வந்து, அழைக்காத இடத்தில், குசினி வாசலருகே ஒரு கதிரையில் இருந்துகொண்டார்.

சமையல்காரர் இறைச்சி ஆணத்தைக் கிண்ணத்தில் எடுத்து வந்து உம்மாவிடம் நீட்டினார். பத்துப் பதினைந்து பெண்கள் சுற்றி நின்றார்கள். கிண்ணத்தை வாங்கிய உம்மா அதை வாயருகே கொண்டு போகாமல் பிடித்துக்கொண்டு நின்றா, சூடு என்று நினைத்தேன். அப்போது மச்சான் எழும்பி வந்து, எல்லோருக்கும் கேட்க, "மாமி, சரியான பசி. எனக்குக் கொஞ்சம் தாங்க" என்றார்.

ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தா. இன்னொருத்தி, "மலநாட்டுல இறைச்சி இல்லையாக்கும்" என்றா. உம்மா குனிந்தபடி அவருடைய கையில் கொஞ்சம் விட்டா. மச்சான் நக்கினார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க மாமி."

சிரிப்பு பெரிதானது. உம்மா தானும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு, சமையல்காரரைப் பார்த்து, "இன்னொரு பிடி உப்புப் போடுங்க" என்றா. போட்டுக் கலக்கி மறுபடி கொண்டு வந்தபோதும் மச்சான் கையை நீட்டினார். இந்த முறை, "காணும் மாமி" என்றார். உம்மா தலையாட்டினா. சோறு பந்திக்குப் போனது. சாப்பிட்டவர்கள் எல்லோரும் ஆணத்தைப் புகழ்ந்தார்கள். எங்கள் வீட்டு மாப்பிள்ளை கல்யாண வீட்டில் கையேந்திய கதையும் அதே பந்தியில் பரிமாறப்பட்டது. வீட்டுக்கு வந்து ராத்தா அழுதாள். இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மச்சான் சிரித்துக்கொண்டு இருந்தார். இவருக்குக் கொஞ்சம்கூட வெட்கம் இல்லை என்று எனக்கு உறுதியானது.

சுடுதண்ணி குடித்த அன்று குசினியில் நான் கேட்காமல் ஓடிய மிச்சக் கதையைப் பல வருடங்களுக்குப் பிறகு ராத்தாதான் எனக்குச் சொன்னாள். அவளுக்கே மச்சான் சொன்னது மூத்த பிள்ளை பிறந்த பிறகுதான். மாரிக் காய்ச்சலோடு உம்மாவுக்கு மணமும் ருசியும் போய்விட்டன. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், தெருவில் ஒருவரும் அதற்குப் பிறகு உப்புப் பார்க்கக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். ருசி பார்க்கும் அறையில் மச்சானுக்கும் ஒரு தரம் அப்படி நடந்திருக்கிறது. இரண்டு மாதம் மற்றவர்களின் முகத்தைப் பார்த்தே காலம் தள்ளியிருக்கிறார். "இது திரும்பி வரும் மாமி. வரும்வரைக்கும் என்ட நாக்கைப் பாவியுங்க" என்று சொல்லியிருக்கிறார். ராத்தாவுக்கும் சொல்லக்கூடாது என்று உம்மா சத்தியம் வாங்கியிருக்கிறா. மூத்த பிள்ளை பிறக்கும்வரை அவர் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினார். வெள்ளைத் தேத்தண்ணியையும் நிறுத்தவில்லை. மணம் தெரியாதவளுக்கு ஏன் இதை வீணாக்குகிறீர்கள் என்று உம்மா கேட்டதற்கு, "மூக்கு மறந்து போகாம இருக்கத்தான்" என்றாராம்.

இதெல்லாம் எனக்குத் தெரியாத அந்த வருடம், பேணியில் அடி தெரியத் தொடங்கிய காலம். ஒரு பின்னேரம் நான் ஜன்னலோரம் இருந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து வளவில் கருவாடு பொரித்தார்கள். மச்சான் கேத்தலோடு மணிக்கூட்டைப் பார்த்து நின்றார். அறைக்குள் படுத்திருந்த உம்மா திடீரென்று எழும்பி வந்தா. முக்காடு தோளில் விழுந்திருந்தது. மருமகன் முன்னால் உம்மா அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

"மகன், கருவாடு" என்றா.

மச்சான் கேத்தலைக் கீழே வைத்தார். "ஓம் மாமி" என்றார். பிறகு, "என்ன கருவாடு எண்டு சொல்லுங்க பாப்பம்" என்றார்.

உம்மா கண்ணை மூடினா. "கட்டா" என்றா.

"ஓம்" என்றார் மச்சான். உம்மா அப்படியே தரையில் இருந்து அழத் தொடங்கினா. மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

எனக்குக் கருவாட்டு நாற்றம் ஆகாது. "ஜன்னலச் சாத்தட்டா உம்மா?" என்று கேட்டேன்.

"வேணாம் மகள். நல்லாத் திறந்து விடு."

ஒரு துண்டுக் கருவாட்டுக்காக உம்மா இப்படி அழுவதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அன்று பிந்தி வயலால் வந்த வாப்பாவிடம் அதைச் சொன்னேன். அவர் அன்றைக்கே சந்தைக்குப் போய் ஒரு கிலோ கட்டாக் கருவாடு வாங்கி வந்து, ஒன்றும் கேட்காமல் குசினியில் வைத்தார்.

அடுத்த நாளிலிருந்து மச்சான் சமையல் நேரத்தில் குசினிப் பக்கம் போகவில்லை. முன்மண்டபத்தில் இருந்து பேப்பர் பார்த்தார், கூப்பிட்ட பிறகுதான் சாப்பிட வந்தார். கடைசியில் மச்சானுக்கும் வெட்கம் வந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.