கீழாநெல்லிக்கு நான் கொடுத்த நற்சான்றிதழ்

போன வாரம் தாம்பரத்தில் என் டாக்டரம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். திட்டு வாங்கக் கன்சல்டேஷன் ஃபீஸ் வேறு!

எனக்கு ஹெபடைட்டிஸ் பி. கல்லீரலில் குடியேறிய வைரஸ் காலி செய்ய மாட்டேன் என்கிறது. தினம் ஒரு மாத்திரை போட்டு அடக்கி வைக்க வேண்டும். ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

கூடவே... வாக்கிங் நண்பர் செல்வராஜ் சார் சொன்னாரென்று கீழாநெல்லியும். முடிச்சூரில் எங்கள் ஃப்ளாட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் மண்டிக் கிடக்கிறது. வேரோடு பிடுங்கி, அலசி, அரைத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் ஒரு டம்ளர்.

அடுத்த டெஸ்ட்டில் வைரஸ் சர்ரென்று இறங்கியிருந்தது. பாராட்டு யாருக்கு? மாத்திரைக்கா? இலைக்குத்தான்! மாத்திரை ஸ்ட்ரிப்பில் வருகிறது. கீழாநெல்லி நானே குனிந்து பிடுங்கியது. முதுகு வலிக்காவது ஒரு மரியாதை வேண்டாமா?

வாக்கிங் கூட்டத்தில் சொற்பொழிவே நடத்தினேன். அந்த ஜோரில் மாத்திரையை நிறுத்திவிட்டேன் — மனைவி ஜெயந்தியிடம் மூச்சு விடாமல்.

இந்தத் தடவை ரிப்போர்ட்டில் வைரஸ் எகிறியிருந்தது. கல்லீரலில் வீக்கமும் ஆரம்பம்.

"மாத்திரை போடறீங்களா சார்?" என்றார் டாக்டரம்மா.

"கீழாநெல்லி..." என்று இழுத்தேன்.

"அதுல இருக்கற சில பொருள் லேப்ல, கண்ணாடித் தட்டுல வைரஸை அடக்குது. ஆராய்ச்சி நடக்குது, வாஸ்தவம். மனுஷ உடம்புல இன்னும் சரியா நிரூபணமாகல. மாத்திரையைத் திடீர்னு விட்டா லிவர் ஃபெயிலியரே ஆகலாம். உயிரோட விளையாடறீங்களா?"

"மஞ்சள் காமாலைக்கு இதானே டாக்டர் குடுப்பாங்க?"

"நிறைய பேருக்கு அது தானாவே சரியாயிடும் சார். பேரை மட்டும் இலை வாங்கிக்கும்."

பயந்துவிட்டேன். நிஜமாகவே. பக்கத்து நாற்காலியில் ஜெயந்தி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டைவிட அதுதான் தாங்கவில்லை.

நாம் ஏன் இப்படி இருக்கிறோம்? குணமானால் பெருமை இலைக்கு, ஆகாவிட்டால் பழி மாத்திரைக்கு! நாளைக்கு அந்த இலையிலிருந்தே ஒரு நல்ல மருந்து வரலாம். வந்தால் அதுவும் ஸ்ட்ரிப்பில்தான் வரும். உடனே நான் அதையும் சந்தேகப்படுவேன்.

மாத்திரையை மறுபடி ஆரம்பித்தாகிவிட்டது. அடிக்கடி டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். டாக்டரம்மாவைப் பார்த்த மறுநாள் காலை, ஜெயந்தி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவழியாக வாய் திறந்தாள்.

"இதை மோர்ல கரைச்சு, மேல ரெண்டு இலை கிள்ளிப் போட்டுத் தரட்டுமா? அப்பவாவது விடாம குடிப்பீங்களா?"

தண்ணீரே போதும் என்றேன்.