ராணுவ ரெக்கார்டில் இருந்த பாப்பாத்தி

போன வாரம் ஒரு லாரி ஆபீசுக்குப் பார்சல் எடுக்கப் போயிருந்தேன். ரசீது போட்டவர் தாளுக்கு அடியில் கார்பன் பேப்பர் வைத்து அழுத்தி எழுதினார். இது இன்னுமா இருக்கிறது என்ற ஆச்சரியத்தில் கையை நீட்டித் தொட்டுவிட்டேன். விரலெல்லாம் நீலம். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வெளியே வந்ததும் அந்த விரலை மோந்து வேறு பார்த்தேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

என் இருபத்திரண்டாம் வயது முழுக்க அந்த வாசனைதான். கோவில்பட்டியில் ஒரு பாத்திரக்கடை மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். காலையில் லோயர், ஹையர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். மத்தியானம் வெளியாட்களுக்கு மனு அடித்துக் கொடுப்பேன். காற்றடிக்கிற மாதங்களில் கரிசல் புழுதி ஜன்னல் வழியாக வந்து மெஷினுக்குள் உட்கார்ந்துவிடும். வட்டமான எழுத்துகளின் வயிறெல்லாம் அடைத்துப்போய், அடித்தால் பொட்டு வைத்த மாதிரி கறுப்பாக விழும். குண்டூசியால் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். இங்கிலீஷில் மனு எழுதுவதில் எனக்கு அப்போது பெரிய கர்வம். பணிவு, தாழ்மை, வணக்கம் என்று ஒரு பாரா முழுக்கக் குனிந்த பிறகுதான் விஷயத்துக்கே வருவேன்.

குண்டூசி என்றதும் சுப்பையாதான் ஞாபகத்துக்கு வருகிறார். அவர் கொண்டுவந்த காகிதங்களில் ஒவ்வொரு குண்டூசியும் ஒரே மூலையில், ஒரே சாய்வில் இருக்கும். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்று வந்து, நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஆடு வைத்துக்கொண்டு கம்பும் உளுந்தும் விதைத்துக்கொண்டிருந்தவர். நாற்காலியைக் காட்டினால் உட்கார்வார். ஆனால் தன் பட்டாள நம்பரைச் சொல்லும்போது மட்டும் எழுந்து விறைப்பாக நின்றுதான் சொல்வார். நான் பாதியில் தப்பாக அடித்துவிட்டால் மறுபடியும் எழுந்து நிற்பார். பாவம், அந்த மனுஷரை ஒரே நாளில் ஏழெட்டுத் தடவை எழுப்பியிருக்கிறேன்.

"ரெக்கார்டுல சின்ன மிஸ்டேக்கு தாயி. திருத்தணும்" என்றார் முதல் நாள்.

"என்ன மிஸ்டேக்கு?"

"சம்சாரம் பேரு. கொண்டம்மாள்னு இருக்கணும்."

"என்னன்னு இருக்கு?"

அவர் படிக்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "பாப்பாத்தி."

எழுத்துப்பிழைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முத்து மூத்துவாகும், கனி கணியாகும். கொண்டம்மாள் எப்படிப் பாப்பாத்தி ஆவாள்?

"பாப்பாத்தியத்தான் எனக்கு மொதல்ல பேசி முடிச்சிருந்தாவ" என்று ஆரம்பித்தார். "கல்யாண லீவு கேட்டப்போ, பொண்ணு பேரு என்னன்னு கிளார்க்கு கேட்டான். சொன்னேன். அவன் குடும்ப விவரத்துலயும் அதை ஏத்திப்போட்டான். ஊருக்கு வந்தா, பட்டாளத்துக்காரன் வேண்டாம்னு அந்தப் பிள்ளை சொல்லிட்டா. அதே லீவுல கொண்டம்மாளைக் கட்டிவச்சிட்டாவ."

"திரும்பிப் போனதும் சொல்லியிருக்கலாம்லா?"

"கல்யாணம் ஆச்சான்னு கேட்டான். ஆச்சுன்னேன். பொண்ணு வேற ஆளுன்னு எப்படித் தாயி சொல்லுதது? பூரா செட்டும் சிரிக்கும்லா!"

அந்தச் சிரிப்புக்குப் பயந்து முப்பது வருஷம் ஓட்டியிருக்கிறார். பிறகு குரலைத் தாழ்த்தி, அதைவிடப் பெரிய விஷயத்தைச் சொன்னார்: "நாந்தான் பாப்பாத்திய வேண்டாம்னேன்னு கொண்டம்மாகிட்ட சொல்லிவச்சிருக்கேன். அந்த விசயம் மனுவுல வந்துரப்படாது."

இப்போது அவசரம் எங்கிருந்து வந்தது என்றால், கொண்டம்மாளின் கண்ணிலிருந்து. இரண்டு கண்ணிலும் புரை. முன்னாள் ராணுவத்தாருக்கான ஆஸ்பத்திரியில் அவருடைய பட்டாளப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இதுல பாப்பாத்தின்னு போட்டிருக்கே, நீங்க யாரு?" என்று கேட்டிருக்கிறார்கள். இருவரும் வைத்தியம் பார்க்காமலே திரும்பி வந்திருக்கிறார்கள். பிள்ளைகளும் இல்லை அவர்களுக்கு. நாளைக்கு அவர் போய்விட்டால், அவருடைய மனைவி என்று கொண்டம்மாளைச் சொல்ல அந்தப் புத்தகத்தை விட்டால் வேறு எதுவும் இல்லை.

நான் மேதை அல்லவா, உடனே வழி சொன்னேன். 'பாப்பாத்தி என்பதும் கொண்டம்மாள் என்பதும் ஒரே நபர்தான்' என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம். கையெழுத்தைப் போட்டால் முடிந்தது. எத்தனையோ பேருக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் கொண்டம்மாள் படிக்கட்டைத் தடவித் தடவி ஏறி வந்தார். பத்திரத்தை வாசித்துக் காட்டினேன்.

"நான் எதுக்கு அவளா ஆவணும்?" என்றார்.

"பேப்பர்ல மட்டும்தான் அம்மா."

"பேப்பர்லயும்தான் எதுக்கு? முப்பது வருசமா இவியளுக்குக் கஞ்சி காய்ச்சி ஊத்துனது ஆரு, பாப்பாத்தியா?"

"கண்ணு ஆபரேசன் நடக்கணும்லா" என்று சுப்பையா முனகினார்.

"கண்ணு தெரியாட்டாப் போவுது. குருடியானாலும் கொண்டம்மாளாவே இருந்துக்கிடுதேன்."

கல்யாணம் நின்ற காரணத்தை மட்டும் விட்டுவிட்டு, தப்பை உள்ளபடியே சொல்லி மனுப் போட்டோம். பதில் வந்தது. முதலில் எழுதப்பட்ட பெண்ணோடு திருமணம் நடக்கவே இல்லை என்று அந்தப் பெண்ணே எழுதித் தர வேண்டுமாம். வாசித்து முடித்தபோது சுப்பையாவின் முகத்தில் ஈயாடவில்லை. எல்லையில் குண்டுச் சத்தத்துக்குக்கூட அசராதவர் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

"விட்டுருவோம் தாயி. கண்ணுக்கு வேற வழி பாத்துக்கிடுதேன்" என்றார்.

"எதுக்கு விடணும்?" என்றார் கொண்டம்மாள். "புதியம்புத்தூர்லதான இருக்கா? நான் போய்க் கூட்டிட்டு வாரேன்."

கண் தெரியாத மனுஷி இரண்டு பஸ் மாறிப் போய் நிஜமாகவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பாப்பாத்தி அங்கே பாவாடை, சட்டை தைத்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். அவசரத்தில் கிளம்பியதில் அளவு டேப் கழுத்திலேயே தொங்கியது. இரண்டு பேரும் பஸ்ஸில் முறுக்கு வாங்கித் தின்றிருக்கிறார்கள் போல. மிச்சத்தை எனக்கு நீட்டினார்கள். சுப்பையா ஜன்னலோரம் போய் நின்று, கீழே போகிற பஸ்களை எண்ணுகிறவர் மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டார்.

பெயர், ஊர், திருமணம் நடக்கவில்லை என்பது வரை நல்லபடியாக அடித்துவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் பாழாய்ப்போன புத்தி, கேட்டுவிட்டேன்: "கல்யாணம் எதனால நின்னுச்சுன்னு ஒரு வரி இருந்தா நல்லாருக்கும்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஜன்னலோரத்து முதுகு அப்படியே விறைத்துப் போனது. அன்றைக்கு நம்பர் சொல்லாமலே அட்டென்ஷன்.

பாப்பாத்தி அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கொண்டம்மாளின் வெள்ளை படிந்த கண்களைப் பார்த்தார்.

"இவியதான் வேண்டாம்னுட்டாவ" என்றார். "மனசு வேற எடத்துல இருந்துச்சாம். அப்படியே அடி தாயி."

கையெழுத்து விழுந்த சத்தியப் பத்திரங்களில் நான் தெரிந்தே அடித்த ஒரே பொய் அதுதான். கையெழுத்துக்கு முன்னால் வாசித்துக் காட்டுவது வழக்கம். வாசித்தேன்.

"அந்தக் கடைசி வரிய இன்னொருக்க வாசி" என்றார் கொண்டம்மாள். வாசித்தேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சரியாத்தான் இருக்கு" என்றார்.

நடையாய் நடந்து, பல மாதம் கழித்துத் திருத்திய உத்தரவு வந்தது. கொண்டம்மாள் என்று, ஓர் எழுத்துப் பிசகாமல். எழுத்துப்பிழை இல்லாத அரசாங்கக் கடிதம் என்று, இன்ஸ்டிடியூட்டை நடத்திய எங்கள் மாஸ்டர் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். கண் ஆபரேஷனுக்குத் துணைக்குப் போனது பாப்பாத்தி. வாசலில் காவல்காரர், "இவங்க யாரு?" என்று கேட்டாராம். "எங்க வீட்டுக்காரவியளோட பழைய ரெக்கார்டு" என்றாராம் கொண்டம்மாள். திரும்பி வந்து அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்த சிரிப்பில், ஹையர் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் அடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

சில வருஷம் கழித்து சுப்பையா காலமானார். குடும்பப் பென்ஷன் மனுவுக்குக் கொண்டம்மாள் வந்தார். ஒரு தடங்கலும் இல்லாமல் வேலை முடிந்தது. கிளம்பும்போது படிக்கட்டில் நின்றார்.

"அவ இவியள வேண்டாம்னது ஊருக்கே தெரியும் தாயி" என்றார். "எனக்குத் தெரியும்ங்கறது இவியளுக்கு மட்டுந்தான் தெரியாது."

"பிறகு ஏம்மா அந்த வரிய ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னீங்க?"

"இவிய கேக்கட்டும்னுதான்."

அந்த மாடியில் இப்போது செல்போன் கடை. மெஷின்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். மாஸ்டர் இல்லை. பாப்பாத்தி முதலில் போனார், இரண்டு வருஷம் கழித்துக் கொண்டம்மாள். எங்கோ வடக்கே ஒரு ராணுவ அலுவலகத்தின் ஃபைலில், மனசு வேறிடத்தில் இருந்ததால் பெண்ணை வேண்டாமென்று சொன்ன சுப்பையா மட்டும் இன்னும் இருப்பார். அதைத் திருத்தச் சொல்லி மனுப் போட ஆள் யாரும் மிச்சமில்லை.